உள்ளிருந்து வந்த துருவா, வெளியிலிருந்து வந்த துருவா? கார் பாடி வாரண்டி கேட்பதன் சூட்சுமம்

பிரிட்டனில் புதுக் கார் வாங்கும்போது கையில் தரும் வாரண்டி புத்தகத்தில் பொதுவாக மூன்று தனித்தனி உத்தரவாதங்கள் இருக்கும். இன்ஜின், கியர்பாக்ஸ், மின்சாதனங்களுக்கு ஒன்று. நிறுவனத்தைப் பொறுத்து அது 3, 5 அல்லது 7 ஆண்டு. பெயின்டுக்கும் மேற்பரப்புத் துருவுக்கும் ஒன்று. பெரும்பாலும் 3 ஆண்டு. பாடிக்கு மூன்றாவது. ஃபோக்ஸ்வேகன், ஃபோர்டு, டொயோட்டா போன்றவை இதற்கு 12 ஆண்டு தருகின்றன. மெர்சிடிஸ் 30 ஆண்டு வரை போகிறது.

எட்டாவது வருடம் பின்கதவின் அடியில் பெயின்ட் கொப்பளித்து நிற்பதைப் பார்த்தவர், அந்தப் 12 என்ற எண்ணை நம்பி டீலரிடம் போகிறார். "இது மேற்பரப்புத் துரு, மூன்று வருடத்தோடு முடிந்துவிட்டது" என்று திருப்பி அனுப்பப்படுகிறார். இரண்டு பேருமே ஒரே புத்தகத்தைத்தான் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அந்த 12 ஆண்டு உத்தரவாதத்தின் முழு வாசகம் இப்படி இருக்கும்: தயாரிப்பிலோ பொருளிலோ இருந்த குறையால், தகட்டின் உட்புறத்தில் தொடங்கி வெளிப்புறம் வரை அரித்து ஓட்டை விழுந்தால், அந்தப் பகுதியை இலவசமாகச் சரிசெய்து தருவோம். உட்புறம், ஓட்டை, தயாரிப்புக் குறை. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் கோரிக்கை விழுந்துவிடும். பாடி வாரண்டி தகராறுகளில் பெரும்பாலானவை உண்மையில் துருவின் திசையைப் பற்றிய தகராறுகள்தான்.

இந்த வாசகம் எங்கிருந்து வந்தது

1970களில் ஐரோப்பியக் கார்கள் நாலைந்து வருடத்தில் அரித்துப்போவது சாதாரணம். 1980இல் பிரிட்டனில் லான்சியா பீட்டா கார்களின் சப்ஃபிரேம் (இன்ஜினைத் தாங்கும் துணைச் சட்டம்) பொருந்தும் இடம் அரித்துப்போய், நிறுவனமே பல கார்களை உரிமையாளர்களிடமிருந்து திரும்ப வாங்க வேண்டி வந்தது. அந்தப் பெயர் கெட்டது கெட்டதுதான். பிரிட்டிஷ் சந்தையில் லான்சியா அதிலிருந்து மீளவே இல்லை. அதே காலத்தில் போர்ஷே 1976 மாடல் 911இன் பாடியைத் துத்தநாகம் பூசிய எஃகில் செய்து, துருவால் ஓட்டை விழாது என்று 6 ஆண்டு உத்தரவாதம் தந்தது. 1985இல் ஆடி 100 முழுவதும் துத்தநாகப் பூச்சுக்கு மாறியது. பிறகு மற்றவர்களும் வருட எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனார்கள்.

துத்தநாகம் எஃகுக்கு முன்பாகத் தான் அரிபட்டு எஃகைக் காக்கும். அதனால் வெளித்தகடு நடுவில் ஓட்டை விழுவது அபூர்வமாயிற்று. நிறுவனங்கள் துணிந்து 12 ஆண்டு என்று எழுதியதற்கு அதுதான் காரணம். அபூர்வமாக நடப்பதற்கு மட்டும் உத்தரவாதம், அடிக்கடி நடப்பதற்கு விலக்கு என்றுதான் வாசகம் அமைந்திருக்கிறது. இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்றாலும், விற்பனையாளர் வாயில் அது "12 வருஷம் துரு வாரண்டி" என்று சுருங்கிவிடுவதுதான் வினை.

அமெரிக்காவில் இதே கணக்கு மில்லிமீட்டரில் போடப்பட்டது. டொயோட்டா டகோமா பிக்கப்பின் சேசிஸ் ஃபிரேம் அரித்த விவகாரத்தில், 1995 முதல் 2000 வரையிலான வண்டிகளுக்கு 2008இல் ஃபிரேம் வாரண்டியை 15 ஆண்டாக நீட்டினார்கள். பிந்தைய மாடல்களுக்காக 2016இல் எட்டப்பட்ட சமரசத்தில், ஃபிரேமை மாற்றித் தர வேண்டுமானால் 10 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட ஓட்டை இருக்க வேண்டும் என்று அளவுகோல் வைத்தார்கள். ஐரோப்பிய வாரண்டி புத்தகங்கள் இப்படி அளவு சொல்வதில்லை. எனவே பரிசோதிக்க வருபவரின் கண்ணும் கையும்தான் அளவுகோல்.

திசையை எப்படிப் படிப்பது

தொழிற்சாலையில் பாடி முழுவதையும் பாஸ்பேட் குளியலுக்குப் பிறகு மின்பூச்சுத் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். சுமார் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில் ஒரு பாதுகாப்புப் படலம் ஒட்டும். அதன்மேல் பிரைமர், நிறம், கிளியர் கோட். எல்லாம் சேர்த்துப் புதுக் காரில் 90 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். முக்கியும் பூச்சு சரியாகப் போய்ச் சேராத இடம் ஒன்று உண்டு: வெளித்தகட்டின் ஓரத்தை உள்தகட்டின்மேல் மடித்து அழுத்தும் மடிப்பு. கதவின் கீழ் ஓரம், பானட்டின் முன் ஓரம், டிக்கி மூடியின் சுற்று ஓரம் எல்லாம் இப்படி மடித்தவைதான். மடிப்புக்குள் பசை இருக்கும், வெளியே சீலன்ட் இழுத்திருக்கும், உள்ளே மெழுகு பீய்ச்சியிருக்கும். இதில் பசையில் காற்றுக்குமிழி இருந்தாலோ, சீலன்ட் ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தாலோ, மெழுகு எட்டாமல் போயிருந்தாலோ, ஈரம் உள்ளே நுழைந்து தங்கும். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அந்த ஈரத்தோடு சேர்ந்தால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும்.

கதவின் கீழ் ஓரத்தில் உள்ளிருந்து வரும் துரு ஓரத்துக்கு இணையாக, மண்புழு ஊர்ந்த தடம்போல, மேல்நோக்கிப் பரவும். பெயின்ட் உப்பியிருக்கும், ஆனால் உடைந்திருக்காது. விரலால் தடவினால் மேடு தெரியும், கீறல் தெரியாது. கதவைத் திறந்து அடியில் குனிந்து டார்ச் அடித்தால், மடிப்புக் கோட்டில் சீலன்ட் வெடித்துப் பழுப்பு நீர் கசிந்த கறை இருக்கும். இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் கோரிக்கைக்கு வலு உண்டு.

வெளியிலிருந்து வரும் துருவின் முகமே வேறு. நடுவில் ஒரு புள்ளி இருக்கும். கல் பட்ட இடம், சாவி கீறிய இடம். அங்கே பெயின்ட் இல்லை, சுற்றிலும் வட்டமாகக் கொப்புளம். வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு) விளிம்பில் வருவது பெரும்பாலும் இந்த வகை. டயர் வாரி அடிக்கும் கல்லுக்கு எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது.

ஆனால் வீல் ஆர்ச் என்றாலே கைவிட வேண்டியதில்லை. ஐந்தாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபின் முன் ஃபெண்டர் இதற்கு நல்ல உதாரணம். சத்தம் குறைக்க ஃபெண்டருக்கும் உள் லைனருக்கும் நடுவே வைத்த நுரைத் துண்டு தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு, தகட்டின் உட்புறத்தில் உரசிக்கொண்டே இருந்தது. வெளியில் கொப்புளம் தெரிவதற்குள் உள்ளே பெயின்ட் போயிருக்கும். லைனரின் திருகுகளைக் கழற்றி, நுரையை எடுத்து, பின்புறத்தைப் படம் பிடித்துக் காட்டியவர்கள் திசையை நிரூபித்தார்கள். வெளிப்புறத்தை மட்டும் படம் பிடித்தவர்கள் "கல்லடி" என்ற பதிலோடு திரும்பினார்கள்.

டீலரிடம் போகும் முன்

முதலில் செய்யக்கூடாதது: சுரண்டக்கூடாது, தேய்க்கக்கூடாது, துரு மாற்றி திரவம் பூசக்கூடாது, டச்-அப் பேனாவால் மூடக்கூடாது. நல்லெண்ணத்தில் செய்யும் இந்த வேலைகள்தான் உடையாத பெயின்ட் என்ற ஒரே சாட்சியை அழிக்கின்றன. உப்பிய இடத்தை நகத்தால் பெயர்த்துப் பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு அது உள்ளிருந்து வந்தது என்று யாரிடமும் நிரூபிக்க முடியாது.

பெயின்டின் கனத்தை அளக்கும் சின்னக் கருவியை வாடகைக்கு எடுக்கலாம். தெரிந்த பாடி ஷாப்பில் கேட்டாலும் அளந்து தருவார்கள். பழுதான தகட்டிலும், எதிர்ப்பக்கத்துத் தகட்டிலும், கூரையிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அது தொழிற்சாலைப் பெயின்ட். பழுதான கதவில் மட்டும் 250, 300 என்று காட்டினால் யாரோ முன்பு டிங்கரிங் பார்த்து மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஆயிரத்தைத் தொட்டால் அடியில் பட்டி இருக்கிறது. பழைய கார் வாங்கியவர்களுக்கு இது கட்டாயம், ஏனெனில் விபத்துப் பழுது பார்த்த தகடு வாரண்டியிலிருந்து விலகிவிடும். டீலர் அளந்து சொல்லித் தெரிந்துகொள்வதைவிட நீங்களே முன்பே தெரிந்துகொள்வது மேல்.

பிறகு தேதி. வாரண்டி காரின் முதல் பதிவு நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. பொதுவாக அது காரோடு அடுத்த உரிமையாளருக்கும் போகும். விற்கும் முன்பே டீலர் தன் பெயரில் பதிவு செய்துவிட்டு ஆறு மாதம் கழித்து விற்றவற்றில் அந்த ஆறு மாதம் ஏற்கெனவே கழிந்திருக்கும்.

எம்.ஓ.டி. (பிரிட்டனில் கார்களுக்குக் கட்டாயமான ஆண்டுத் தகுதிச் சோதனை) வரலாற்றை அரசு தளத்தில் பதிவு எண் கொடுத்து இலவசமாகப் பார்க்கலாம். அதில் "துரு தொடங்குகிறது" என்ற குறிப்பு எந்த வருடம் முதலில் வந்தது என்று பாருங்கள். இது இருபக்கமும் வெட்டும். வாரண்டி காலத்துக்குள்ளேயே துரு இருந்தது என்பதற்கு அது நடுநிலைச் சாட்சி. நான்கு வருடம் குறிப்பு வந்தும் எதுவும் செய்யவில்லையென்றால் அது அலட்சியத்துக்கும் சாட்சி. இன்னொன்று: எம்.ஓ.டி.யில் அடிக்கடி எழுதப்படும் சப்ஃபிரேம், சஸ்பென்ஷன் ஆர்ம், பிரேக் பைப் துருவெல்லாம் பாடி வாரண்டியில் சேராது. புத்தகத்தில் "பாடி தகடுகள்" என்றுதான் இருக்கும்.

முத்திரைகளின் கதை

சில நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் பாடி பரிசோதனை செய்து, புத்தகத்தின் தனிப் பக்கத்தில் முத்திரை வாங்கச் சொல்கின்றன. ஆயில் மாற்றும் சர்வீஸ் பக்கம் வேறு, இந்தப் பக்கம் வேறு. சர்வீஸ் முத்திரை எல்லாம் ஒழுங்காக இருந்தும் பாடி பக்கம் காலியாக இருப்பது மிகச் சாதாரணம். கோரிக்கை தள்ளப்படுவதற்கு அதுவே போதும். இப்போது பதிவெல்லாம் கணினியில் இருப்பதால், டீலரிடம் அச்சுப் பிரதி கேட்டு, பாடி பரிசோதனை தனியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"வெளி கராஜில் சர்வீஸ் செய்தால் வாரண்டி போகாது என்று சட்டம் இருக்கிறதே" என்பார்கள். சாதாரண வாரண்டியைப் பொறுத்தவரை ஐரோப்பியப் போட்டி விதிகள் அந்தத் திசையில்தான் இருக்கின்றன. நீண்டகாலத் துரு வாரண்டிக்கு அதை அப்படியே நீட்டிவிட முடியாது. மெர்சிடிஸ் 1998 அக்டோபர் இறுதியிலிருந்து தந்த 30 ஆண்டு உத்தரவாதத்துக்கு, அந்த நிறுவனத்தின் பணிமனைகளிலேயே முறையாகப் பராமரித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்த வழக்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றமான கூட்டாட்சி நீதிமன்றம் வரை போனது. 2007 டிசம்பரில் தீர்ப்பு நிறுவனத்தின் பக்கம் வந்தது: தனியாகக் காசு வாங்காமல், வாடிக்கையாளரைத் தக்கவைக்கத் தரும் உத்தரவாதத்துக்கு இப்படி நிபந்தனை போடலாம். 2013இல் இன்னொரு வழக்கில், வாடிக்கையாளர் விலை கொடுத்துப் பெற்ற பழைய கார் வாரண்டிக்கு அதே மாதிரி நிபந்தனை செல்லாது என்றது அதே நீதிமன்றம். காசு கொடுத்தீர்களா, சும்மா கிடைத்ததா என்பதுதான் வித்தியாசம். இவை ஜெர்மனியில் மட்டுமே கட்டுப்படுத்தும். ஆனாலும் நிறுவனங்கள் எந்தத் தைரியத்தில் முத்திரை கேட்கின்றன என்பது இதில் விளங்கும்.

கோரிக்கை நகரும் வழி

டீலர் முடிவெடுப்பதில்லை. அவர் படங்கள் எடுத்து, அளவுகள் எழுதி, நிறுவனத்தின் வாரண்டி பிரிவுக்கு அனுப்புகிறார். அங்கே உட்கார்ந்திருப்பவர் காரைப் பார்க்காமல் படத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார், அல்லது தொழில்நுட்பப் பொறியாளரை அனுப்புகிறார். ஆகவே டீலர் எதை அனுப்புகிறார் என்பதில்தான் கோரிக்கையின் உயிர் இருக்கிறது. சர்வீஸ் கவுன்டரில் வாயால் சொல்லிவிட்டு வந்தால், கணினியில் "கதவு துரு, வாடிக்கையாளர் புகார்" என்று ஒரு வரி ஏறும். அதற்கு வரும் பதில் தெரிந்ததுதான்.

எழுதிக் கொடுங்கள். எப்படி எழுத வேண்டும் என்றால்: "இடது பின்கதவு, கீழ் மடிப்பு, முன் ஓரத்திலிருந்து 12 செ.மீ. தள்ளி, 4 செ.மீ. நீளத்துக்குக் கொப்புளம். பெயின்ட் உடையவில்லை. மடிப்பில் சீலன்ட் வெடித்திருக்கிறது, படம் 3. பெயின்ட் கனம் இந்தக் கதவில் 118, வலது பின்கதவில் 121, கூரையில் 115 மைக்ரான். இந்தத் தகட்டில் இதற்குமுன் எந்தப் பழுதும் பார்க்கப்படவில்லை." கூடவே சேசிஸ் எண் பலகை, ஓடிய தூரம் காட்டும் மீட்டர், காரின் முழுத் தோற்றம், அருகில் அளவுகோல் வைத்த நெருக்கப் படம், வடிகால் துளைகள் அடைபடாமல் சுத்தமாக இருப்பதன் படம். கடைசியில் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கதவின் அடியிலுள்ள துளைகள் சேறால் அடைத்திருந்தால் "பராமரிப்பின்மை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். போகும் முன் காரைக் கழுவிவிடுங்கள். அழுக்குக் காரைப் பார்த்ததுமே பரிசோதகர் மனத்தில் ஒரு தீர்ப்பு உருவாகிவிடும்.

எப்போது போவது என்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. சீக்கிரம் போனால் "இன்னும் ஓட்டை விழவில்லை". தாமதித்தால் "கவனிக்காமல் விட்டதால் பெரிதாகிவிட்டது". இதற்கு வழி, சீக்கிரம் போய் மறுப்பை எழுத்தில் வாங்குவது. ஒன்பதாவது வருடம் "உட்புறத் துரு இருக்கிறது, ஓட்டை இல்லை, ஆகவே இப்போது சேராது" என்று டீலர் எழுதிய ஒரு தாள், பதினோராவது வருடம் ஓட்டை விழும்போது பெரிய ஆயுதம். துரு எப்போது தொடங்கியது, எங்கே தொடங்கியது, நீங்கள் எப்போது தெரிவித்தீர்கள் என்ற மூன்று கேள்விக்கும் நிறுவனமே பதில் எழுதித் தந்ததாக ஆகிவிடும். இந்த மறுப்புத் தாளை வாங்காமல் கோபத்தோடு வெளியேறுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் ஆகப் பெரிய நஷ்டம்.

மறுத்தால்

மறுப்புக்குக் காரணத்தையும், அவர்கள் எடுத்த படங்களையும், அளவுகளையும் கேளுங்கள். "வெளிப்புறக் காரணி" என்று மொட்டையாக எழுதியிருந்தால், எந்தக் காரணி, எந்தப் புள்ளியில் என்று கேட்கலாம். டீலரைத் தாண்டி நிறுவனத்தின் தலைமை அலுவலக வாடிக்கையாளர் பிரிவுக்கு அதே கோப்பை அனுப்பலாம். இங்கே "நல்லெண்ணப் பங்களிப்பு" என்று ஒன்று வரும்: செலவில் பாதியை அவர்கள் ஏற்பார்கள், மீதி உங்களுடையது. வாரண்டிப்படி உரிமை உறுதியாக இல்லாத கோரிக்கைகள் பல இப்படித்தான் முடிகின்றன. தொடர்ந்து அதே டீலரிடம் சர்வீஸ் செய்தவருக்கு இதில் கை ஓங்கியிருக்கும். பின்வாசல் என்று முகம் சுளிக்க வேண்டாம். பத்து வயதுக் காருக்கு பாதிப் பணம் சின்ன விஷயமில்லை.

அதற்கும் மசியாவிட்டால் பிரிட்டனில் கார் தொடர்பான புகார்களைத் தீர்த்துவைக்கும் மோட்டார் ஒம்பட்ஸ்மேன் அமைப்பு. அதில் உறுப்பினராக உள்ள நிறுவனம் என்றால், புகார் கொடுத்து 8 வாரத்துக்குள் தீர்வு வராதபோது அங்கே இலவசமாகக் கொண்டுபோகலாம். இங்கிலாந்து, வேல்ஸில் 10,000 பவுண்ட் வரையிலான தொகைக்குச் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. அங்கே போனால் சுயேச்சைப் பொறியாளரின் அறிக்கை இல்லாமல் நிற்க முடியாது. விற்ற டீலர்மீது நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்கீழ் போகும் வழி இங்கிலாந்தில் 6 வருடத்தோடும் ஸ்காட்லாந்தில் 5 வருடத்தோடும் காலாவதியாகிவிடும். அதற்குப் பிறகு கையில் மிஞ்சுவது பாடி வாரண்டி ஒன்றே.

இந்தியாவில் இந்த வாரண்டியே எல்லா நிறுவனங்களிடமும் இல்லை. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா போன்றவை 6 ஆண்டு ஓட்டைத் துரு உத்தரவாதம் தந்திருக்கின்றன. பல நிறுவனங்களின் புத்தகத்தில் துரு என்பது விலக்குப் பட்டியலில்தான் வரும், உப்புக்காற்றுக்குத் தனி வரி ஒதுக்கி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு இருப்பவர்கள் அந்த வரியை வாங்கும் முன்பே படிப்பது நல்லது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் முறையிட, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம். வழக்குக்கு முன் 1915 என்ற உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். எந்த நாட்டு ஆணையமானாலும் முதலில் கேட்பது டீலர் தந்த எழுத்துப்பூர்வ பதிலைத்தான்.

ஏற்றுக்கொண்டால்

கோரிக்கை ஏற்கப்பட்டதும் வேலை எங்கே, எப்படி என்று கேட்காமல் சாவியைக் கொடுக்கக்கூடாது. ஓட்டை விழுந்த தகட்டை வெட்டி ஒட்டப் போகிறார்களா, புதுத் தகடு போடப் போகிறார்களா? கதவு, பானட், டிக்கி மூடி, முன் ஃபெண்டர் போன்றவை கழற்றி மாட்டக்கூடியவை. அவற்றில் மடிப்பே அரித்திருந்தால் புதுசுதான் சரி. மடிப்புக்குள் இருக்கும் துருவை வெளியிலிருந்து தேய்த்து எடுக்க முடியாது; மேலே பெயின்ட் அடித்து அனுப்பினால் ஒன்றிரண்டு குளிர்காலத்தில் அதே இடத்தில் தலைகாட்டும். பின்பக்க வீல் ஆர்ச்சும், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் என்ற பகுதியும் பாடியோடு வெல்டிங் செய்யப்பட்டவை. அங்கே வெட்டி ஒட்டுவதைத் தவிர வழியில்லை. வெல்டிங் சூட்டில் உள்பக்கத்துப் பூச்சும் மெழுகும் எரிந்துபோயிருக்கும் என்பதால், வேலை முடிந்தபின் உள்ளே மறுபடி மெழுகு பீய்ச்சியதாக வேலைத்தாளில் எழுதி வாங்குங்கள். பக்கத்துத் தகட்டுக்கு நிறத்தைக் கலந்து அடிப்பதும் இலவச வேலையில் அடங்குமா என்று முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வெள்ளியிலும் முத்துவெள்ளையிலும் கலக்காமல் அடித்தால் வித்தியாசம் வெயிலில் பளிச்சென்று தெரியும்.

மாற்றிய தகட்டுக்குப் புதிதாகப் 12 ஆண்டு தொடங்காது. பழைய வாரண்டியில் மிச்சமிருக்கும் காலமோ, உதிரிபாகத்துக்கும் வேலைக்குமான குறுகிய உத்தரவாதமோதான். பூஜ்யம் தொகை போட்ட ரசீது கொடுப்பார்கள். அதில் தகட்டின் பெயர், செய்த வேலை, தேதி, ஓடிய தூரம் நான்கும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பரிசோதகரின் கருவி அந்தக் கதவில் 240 மைக்ரான் காட்டும்போது, அது நிறுவனமே செய்த வேலை என்று சொல்ல உங்களிடம் தாள் இருக்காது.